விசுவாசத்தில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு

ஒரு குருவிடமோ சமயக் குழுவிடமோ ஒருவர் வைக்கும் விசுவாசத்தை அதனளவில் குறை சொல்ல முடியாது. அன்னதானக் கூடத்தில் காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுபவரும், ஆதரவற்ற நோயாளிக்கு இரவெல்லாம் கண்விழிப்பவரும் பெரும்பாலும் அந்த விசுவாசத்தால்தான் அதைச் செய்கிறார்கள். நம்பியதைச் சோதித்துப் பார்க்கும் உரிமையை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும்போதுதான் அது கண்மூடித்தனமாகிறது. ‘சாமி செஞ்சா அதுல ஒரு காரணம் இருக்கும்’ என்ற நினைப்பு மனத்தில் ஊன்றிய பிறகு, கண்ணால் கண்டதுகூடச் சாட்சியாக நிற்பதில்லை. அத்தகைய குழுக்களிலிருந்து விலகி வந்தவர்களைப் பின்னாளில் விடாமல் பிடித்துக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: உள்ளே நடந்ததில் தங்கள் பங்கு எவ்வளவு? ஏமாந்தவர் என்ற பெயர் மட்டும் போதுமா, உடந்தை என்ற பெயரும் சேருமா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி நீதிமன்றப் படியேறியது பிரேமானந்தா வழக்கில். இலங்கையின் மாத்தளையில் ஆசிரமம் நடத்திவந்த அவர், 1983 இனக்கலவரத்துக்குப் பின் சீடர்களோடும் ஆதரவற்ற சிறுவர் சிறுமியரோடும் இங்கு வந்தார். விராலிமலையை அடுத்த பாத்திமா நகரில் ஆசிரமம் எழுந்தது. கையசைவில் விபூதி வரவழைப்பதும் சிவராத்திரியன்று வாயிலிருந்து லிங்கம் எடுப்பதும் கூட்டம் சேர்த்தன. வெளிநாட்டுப் பக்தர்களும் வந்தார்கள். 1994இன் இறுதியில் ஆசிரமத்திலிருந்து தப்பிவந்த பெண்கள் வாய் திறந்ததும் எல்லாம் வெளிவந்தது. 1997 ஆகஸ்டில், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஆர். பானுமதி, புதுக்கோட்டை அமர்வு நீதிபதியாக இருந்து தீர்ப்பளித்தார். 13 பெண்களை வன்புணர்ந்ததற்கும், ஆசிரமவாசி ஒருவரைக் கொன்றதற்கும் இரட்டை ஆயுள் தண்டனை. வழக்கறிஞர் ராம் ஜெத்மலானி பிரேமானந்தாவுக்காக வந்து வாதாடியும் பயனில்லை. பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் கலைக்கப்பட்ட கருவில் ஹைதராபாத் ஆய்வகம் செய்த மரபணுச் சோதனை வழக்கின் முக்கியச் சான்றுகளில் ஒன்றாயிற்று. உயர் நீதிமன்றம் 2002இலும் உச்ச நீதிமன்றம் 2005இலும் தண்டனையை உறுதிசெய்தன. 2011 பிப்ரவரியில் பிரேமானந்தா தண்டனைக் கைதியாகவே இறந்தார்.

இந்த வழக்கில் குரு மட்டும் தண்டிக்கப்படவில்லை. கமலானந்தா உட்படச் சீடர்கள் சிலரும் அவரோடு குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அறநெறி நோக்கில் வழக்கின் கனமான பகுதி இதுவே. ஒரு வளாகத்துக்குள் இத்தகைய குற்றம் ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டுமானால் ஒருவரின் கெட்ட எண்ணம் மட்டும் போதாது. ‘சாமி கூப்பிடறார்’ என்று சிறுமியை அழைத்துப்போக ஒருவர் வேண்டும். கதவுக்கு வெளியே நிற்க ஒருவர் வேண்டும். அழுதுகொண்டு வந்தவளிடம் ‘இதையெல்லாம் வெளியே பேசக்கூடாது’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். பேசாமல் இருக்க மட்டும் நூறு பேர் வேண்டும். அந்த நூறு பேரும் கொடியவர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பலர் காலையில் பூப்பறித்து, மாலையில் பஜனை பாடி, நல்லவர்களாகவே வாழ்ந்திருக்கலாம்.

அங்கே வளர்ந்த பிள்ளைகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கலவரத்தில் வீடிழந்து வேற்று நாட்டில் ஒதுங்கிய குழந்தைக்குச் சோறும் படிப்பும் பாயும் தருபவர் ஒருவரே என்றால், அவரை நம்புவதும் நம்பாததும் அதன் தேர்வல்ல. பயத்தாலோ தவறான புரிதலாலோ தரப்படும் இசைவு இசைவாகாது என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 90ஆம் பிரிவு சொன்னது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. வளர்ந்த பிறகும் பல ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்ட ஒரு பெண்ணைப் பார்த்து ‘ஏன் அப்பவே சொல்லல?’ என்று கேட்பவர்கள், அவளுக்குச் சொல்ல யார் இருந்தார்கள் என்பதை முதலில் விசாரிப்பது நல்லது.

பெரியவர்களின் நிலை வேறு. இத்தகைய குழுவில் எவரும் முதல் நாளே பெரிய தவறுக்குச் சம்மதிப்பதில்லை. முதலில் ஒரு விரதம், பிறகு வேலையை விடுவது, வீட்டுக்குப் பேசுவதைக் குறைப்பது, சம்பளத்தையோ நிலத்தையோ எழுதிக்கொடுப்பது என்று படிகள் சிறிதாக இருக்கும். ஒவ்வொரு படியும் ஏறிவந்த முந்தைய படியை நியாயப்படுத்தும். பத்து ஆண்டு உழைப்பையும் சொந்தபந்தத்தையும் கொடுத்துவிட்டவருக்கு, அது வீண் என்று ஒப்புக்கொள்வதைவிடக் கண்ட ஒன்றைக் காணாததாக்கிக்கொள்வது எளிது. லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் 1950களில் அமெரிக்காவில் உலக அழிவை எதிர்பார்த்திருந்த ஒரு சிறு குழுவை ஆராய்ந்தபோது, குறித்த நாளில் ஒன்றும் நடக்காமல் போன பிறகும் ஆழமாக ஈடுபட்டவர்கள் நம்பிக்கையைக் கைவிடவில்லை என்று பதிவுசெய்தார்கள். இழந்தது அதிகமாக அதிகமாகப் பிடியும் இறுகுகிறது.

இந்தக் கண்மூடித்தனம் குருபக்தி என்ற மரபின் தவிர்க்க முடியாத விளைவு என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பக்கம் சான்று இல்லாமலில்லை. பிள்ளையை அறுத்துக் கறி சமைத்த சிறுத்தொண்டரைப் பெரிய புராணம் போற்றுகிறது. மெய்ப்பொருள் நாயனாரின் கதை இன்னும் கூர்மையானது. திருநீறும் சடையும் தரித்து, ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்த முத்தநாதன் குத்திய பிறகும், வேடத்துக்கு மரியாதை செய்து அவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்ட அனுப்புகிறார் அரசர். உயிர் போனது அவருடையது, தீர்மானமும் அவருடையது. அதே மரியாதையை அடுத்தவர் மகளின் செலவில் ஒருவர் காட்டினால் அதைப் புராணம் போற்றியிருக்குமா என்பது ஐயமே. சிறுத்தொண்டர் கதையை இன்றைக்கு வாசிப்பவர்களுக்கு நெஞ்சில் நெருடுவதும் இந்த இடம்தான்.

மரபில் மறுபக்கமும் உண்டு. அதைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர், இராமானுசர் பிறந்த ஊர். வைணவ மரபு சொல்லும் வரலாற்றின்படி அவர் முதலில் காஞ்சிபுரம் அருகே திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டார். உபநிடத வரிகளுக்கு ஆசிரியர் சொன்ன பொருளை ஏற்காமல் மறுத்துப் பேசினார். ஆத்திரமடைந்த ஆசிரியர் காசி யாத்திரை என்று அழைத்துப்போய் வழியில் அவரைத் தீர்த்துவிடத் திட்டமிட்டார். அந்தத் திட்டத்தை இராமானுசரிடம் சொல்லித் தப்ப வைத்தவர், அதே குருவின் மாணவரும் இராமானுசரின் சிற்றன்னை மகனுமான கோவிந்தர். பின்னாளில் எம்பார் எனப் பெயர் பெற்ற இவர் பிறந்த மதுரமங்கலமும் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது.

கோவிந்தரின் செயலில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. எச்சரித்துவிட்டு அவர் தானும் ஓடிவிடவில்லை. யாதவப்பிரகாசரின் கூட்டத்தோடு காசி வரை போனார். குருவின் கொள்கையையோ கூட்டத்தையோ அன்றைக்கே துறக்கும் தெளிவு அவருக்கு வந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ஓர் உயிர் போகப்போகிறது என்று தெரிந்த இடத்தில் மட்டும் விசுவாசத்தை ஒதுக்கி வைத்தார். அது போதுமானதாக இருந்தது. முன்னாள் உறுப்பினர்களைப் பற்றிய பேச்சில் ‘முழுசா தெரிஞ்சிருந்தா வெளியே வந்திருப்பேன்’ என்ற சமாதானம் அடிக்கடி வரும். வெளியே வருவதும் எச்சரிப்பதும் வெவ்வேறு கடமைகள் என்பதை இந்தப் பழங்கதை காட்டிவிடுகிறது. முதலாவதற்கு முழுத் தெளிவு வேண்டியிருக்கலாம். இரண்டாவதற்கு ஒருவர் அழுததைப் பார்த்திருந்தால் போதும்.

திருக்கோட்டியூர்க் கதை எல்லாருக்கும் தெரிந்தது. பதினெட்டு முறை நடையாய் நடந்து பெற்ற மந்திரப் பொருளை, ரகசியம் காக்க வேண்டும் என்ற குருவின் ஆணையை மீறி இராமானுசர் ஊரறியச் சொன்னார். மீறியதற்கான பலனைத் தானே ஏற்பதாகவும் சொன்னார். கோபுரத்தின் மேலேறிச் சொன்னாரா என்பதில் ஆய்வாளர்கள் வாதிடலாம். மரபு இந்த மீறலைக் கொண்டாடியது என்பதிலும், அந்த குருவே சீடரைத் தழுவிக்கொண்டதாகச் சொல்லி வைத்தது என்பதிலும் வாதமில்லை. தவறிய குருவும் அறியாத சீடரும் சேர்ந்து குழியில் விழுவதைத் திருமந்திரமும் எச்சரித்திருக்கிறது. ஆக, கேள்வி கேட்காத பக்தியே தமிழ் மரபு என்று ஓர் ஆசிரமம் சொன்னால், அது மரபில் தனக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

பொறுப்பை அளக்க இரண்டு வெளிநாட்டு நிகழ்வுகள் உதவும். கயானாவின் ஜோன்ஸ்டவுன் குடியேற்றத்தில் 1978 நவம்பர் 18 அன்று ஜிம் ஜோன்ஸின் சீடர்கள் 900க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குழந்தைகள். அதற்குச் சில மாதங்கள் முன்பே அங்கிருந்து தப்பிய டெபோரா லேட்டன், கூட்டுத் தற்கொலைக்கு ஒத்திகை நடக்கிறது என்று சத்தியப் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். அவருடைய அண்ணன் லேரி லேட்டன் அதே நவம்பர் நாளில், வெளியேற விரும்புபவர்போல் நடித்து விமானத்தளத்துக்குப் போய், உண்மையில் வெளியேற வந்தவர்களைச் சுட்டார். பின்பு அமெரிக்காவில் சிறை சென்றார். ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே போதனையைக் கேட்டவர்கள் அவர்கள். மூளைச்சலவை என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்பதற்கு இந்த உடன்பிறப்புகள் சாட்சி.

ஜப்பானில் 1995 மார்ச் 20 அன்று ஓம் ஷின்ரிக்யோ குழுவினர் தோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் நச்சைப் பரப்பினார்கள். அவர்களில் ஒருவர் ஹயாஷி இக்குவோ, இதய அறுவை மருத்துவர். படிப்பும் பதவியும் கண்மூடித்தனத்துக்குத் தடுப்பூசி என்று நினைப்பவர்கள் அவரைப் பற்றிப் படிக்கலாம். கைதான பிறகு தாமாகவே ஒப்புக்கொண்டு, குழுவின் செயல்களை விரிவாக வெளிப்படுத்தினார். சாரினைப் பரப்பிய மற்ற நால்வருக்கும் மரண தண்டனை. அவருக்கு மட்டும் ஆயுள் தண்டனை. மனம் வருந்தியதால் குற்றம் கரைந்துவிட்டது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அந்த வருத்தம் மற்றவர்களுக்குப் பயன்படும் உண்மையாக மாறியதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. இந்த வேறுபாடு முக்கியமானது. ‘நான் ஏமாந்துவிட்டேன்’ என்ற ஒப்புதல் சொல்பவரின் பாரத்தை இறக்குகிறது. ‘இன்ன நாளில் இன்னாரை நான்தான் அழைத்துப்போனேன்’ என்பது பாதிக்கப்பட்டவரின் வழக்குக்கு உதவுகிறது. பின்னதைச் சொல்லாமல் முன்னதை மட்டும் சொல்லும் மனவருத்தம் பாதியில் நிற்கிறது.

கட்டுப்பாடு மிகுந்த நிறுவனம் என்பதற்காக மட்டும் மனிதர்கள் வாயடைத்துப் போவதில்லை. 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனதை அடுத்து, இரவோடு இரவாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பெண்கள். சொந்த ஊரை விட்டு வந்தவர்கள். நெருக்கமான அறைகள், ஷிப்டுக்கு ஏற்றபடி வரும் பேருந்து, வார்டன், கேட் என்று அவர்களும் கட்டுப்பாட்டுக்குள் இருந்தவர்களே. ஆனால் வார்டனைக் குறை சொல்வது பாவம் என்று அவர்களில் யாரும் நினைக்கவில்லை. சம்பளம் அவரவர் வங்கிக் கணக்கில் விழுந்தது, ஏடிஎம் கார்டு அவரவர் பையில் இருந்தது, ஊரில் அம்மாவுக்கு போன் போட முடிந்தது. ஆசிரமத்தின் சுவர் அந்த விடுதிச் சுவரைவிட உயரமாக இருக்க வேண்டியதில்லை. சந்தேகப்படுவதே சந்தேகப்படுபவரின் குற்றம் என்று ஆக்கிவிட்டால், சான்றிதழையும் பாஸ்புக்கையும் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டால், திறந்த கேட் வழியாகவும் யாரும் போக மாட்டார்கள்.

வெளியே வந்தவர்கள் பேசாமல் இருப்பதற்கும் காரணங்கள் உண்டு. உறவுகளை முறித்துக்கொண்டு போனவர் திரும்பி வரும்போது ‘அன்னைக்கே சொன்னோம்ல’ என்ற பேச்சுதான் வாசலில் நிற்கும். உள்ளே இன்னும் நண்பர்கள் இருப்பார்கள். சிலருக்குப் பிள்ளைகளே உள்ளே இருப்பார்கள். ஊரார் பெரும்பாலும் இரண்டு வேடங்களையே தருகிறார்கள்: ஒன்று மடையர், மற்றது துரோகி. இரண்டையும் ஏற்க மனமில்லாதவர் வாயை மூடிக்கொள்கிறார். அவரைப் பேச வைக்க விரும்பும் சமூகம், மூன்றாவதாக ஓர் இடத்தை, சாட்சி என்ற இடத்தை, அவமானமில்லாமல் கொடுத்தாக வேண்டும்.

விசுவாசத்தைவிட்டு வெளியே வராமலே இருந்துவிடுபவர்களும் உண்டு. இலங்கை உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் வட மாகாண முதலமைச்சராகவும் இருந்த சி. வி. விக்னேசுவரன், தம்மைப் பிரேமானந்தாவின் பக்தர் என்று மறைக்காதவர். வழக்கில் தண்டனை பெற்ற சீடர்களை விடுவிக்கும்படி இந்தியப் பிரதமருக்கு எழுதியவர். மூன்று நீதிமன்றங்களின் தீர்ப்பும் ஒரு நீதிபதியின் பக்தியை அசைக்கவில்லை. நம்புவது அவருடைய உரிமை. அதற்காக எவரையும் தண்டிக்க முடியாது, தண்டிக்கவும் கூடாது. ஆனால் தீர்ப்புக்குப் பின்னும் தொடரும் விசுவாசத்தை அறியாமை என்று சொல்ல இயலாது. தெரிந்தும் தொடர்பவரின் பொறுப்பு, தெரியாமல் தொடர்ந்தவரின் பொறுப்பைவிடக் கூடுதலானது.

சட்டம் இந்த அளவுகோலின் ஒரு பகுதியை எழுத்தாக்கியிருக்கிறது. 2012இன் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தை பாலியல் குற்றத்துக்கு ஆளானதை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. ‘குருவை எப்படிக் காட்டிக்கொடுப்பது’ என்பதற்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இல்லை. பாத்திமா நகர்ச் சிறுமிகளின் காலத்தில் இப்படி ஒரு கடமை எழுதப்பட்டிருக்கவில்லை. பெரியவர்களிடம் சம்பளமில்லாமல் வாங்கிய உழைப்பு, எழுதி வாங்கிய நிலம், முறித்து வைத்த குடும்பங்கள் ஆகியவற்றுக்கு இன்றும் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அவை வெளிவருவது விலகி வந்தவர் வாய் திறந்தால்தான் உண்டு.