ஊருக்கு வெளியே விட்ட நிலம்



அமெரிக்காவில் பவுல்டர் என்றொரு நகர். 1967ஆம் ஆண்டு அந்நகர மக்கள் வாக்களித்து, தங்கள்மேல் தாங்களே ஒரு விற்பனை வரியைச் சுமத்திக்கொண்டார்கள். எதற்காக? ஊரைச் சுற்றியுள்ள நிலங்களை விலைக்கு வாங்கி, அங்கே ஒன்றும் கட்டாமல், திறந்த வெளியாக மரஞ்செடிகளுக்கும் மிருகங்களுக்கும் விட்டுவைப்பதற்காக!

வட்டவளையில் லயத்துக் காம்பிராவில் வாழும் ஒருவர் இதைக் கேட்டால் சிரிப்பார். சிரிப்பதற்கு அவருக்கு நியாயம் உண்டு. பாட்டன் பூட்டன் காலந்தொட்டு இந்த மலையிலேயே உழைத்தும், வீடு கட்ட ஒரு பேர்ச் காணிகூடச் சொந்தமில்லாத குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! "எங்களுக்கு இல்லாத நிலம் பன்றிக்கும் சிறுத்தைக்குமா, சுவாமி?" என்று அவர் கேட்டால், அவர் வாயை அடைக்க எவருக்கும் உரிமையில்லை.

அவருக்கு விடை யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஏழாம் ஆண்டு நிலத்தைச் சும்மா விடவேண்டும். அதில் தானாய் விளைவதை ஏழைகள் உண்ணட்டும், அவர்கள் விட்டதைக் காட்டு மிருகங்கள் தின்னட்டும் என்பது இறைவனின் கட்டளை. கவனியுங்கள்: ஏழைக்கு ஒரு நிலம், மிருகத்துக்கு வேறொரு நிலம் என்றில்லை, ஒரே வயல். கட்டளை பெற்றவனோ வயலின் சொந்தக்காரன். எண்ணாகமம் 35ஆம் அதிகாரத்தில், லேவியரின் 48 நகர்களைச் சுற்றியும் மேய்ச்சல் வெளி விடச் சொல்கிறார். அந்த வெளியை விற்கவும் கூடாது என்கிறது லேவியராகமம்.

நம் மலைநாட்டிலும் விட்டுவைத்த நிலம் உண்டு. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகக் காடுகள் அழிந்துகொண்டிருந்த 1873ஆம் ஆண்டில், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடவேண்டாம் என்று தாவர அறிஞர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை கூறினார். சிவனொளிபாதமலைக் காடு 1940இல் சரணாலயமாயிற்று. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாயிற்று. மகாவலியும் களனியும் வளவையும் ஊற்றெடுப்பது இந்த உயர்ந்த மலைகளில்தான்.

வட்டவளையோ அந்த 5,000 அடிக்குக் கீழே கிடக்கிறது. இங்கே மிருகங்களுக்கு மிஞ்சியவை ஓடைக்கரைகளும் துண்டுக் காடுகளுமே. அவற்றின் வழியே வரும் சிறுத்தை தேயிலைக்குள் இறங்குகிறது. நம்மவர் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்சபான தோட்டப் பகுதியில் ஓர் அபூர்வமான கருஞ்சிறுத்தை இப்படித்தான் சிக்கியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள்; மே 29ஆம் நாள் அது செத்தது. சுருக்கு வைப்பவர் கொடியவர் அல்லர், மரக்கறிப் பாத்தியைக் காக்கப் பார்க்கிறவர். ஆனால் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட ஒருவர், ஓரத்துக்குத் தள்ளப்பட்ட மற்றொன்றைக் கொல்கிறார். ஏராளமாய் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை!

ஆகவே, லயத்துக் குடும்பங்களுக்கு வீட்டுக்காணி கேட்கும்போது அரசாங்கத்திடமும் கம்பனிகளிடமும் உரத்துக் கேளுங்கள்; ஓடைக்கரைக் காட்டை வெட்டிக் கொடுத்துச் சமாளிக்க விடாதீர்கள். வேலியில் சுருக்குக் கம்பி இருந்தால் இன்றே கழற்றுங்கள்.

திருச்சபையும் காணிக்காரிதான். மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைக் கொத்தாமல் காட்டுப் பூக்களுக்கு விட்டுவைக்கச் சொன்னார் அசிசியின் பிரான்சிஸ். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் இதை நினைவூட்டினார். நம் கோவில் வளவில் அப்படி ஒரு மூலை மிஞ்சியிருக்கிறதா, எல்லாம் சீமெந்தாகிவிட்டதா? அடுத்த பங்குச் சபைக் கூட்டத்தில் கேளுங்கள்.