பசியை நடித்துக் காட்டலாமா?

2001-ஆம் ஆண்டு மூன்று அமெரிக்கக் குடும்பங்கள் மொன்டானா மாநிலத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில், 1883-ஆம் ஆண்டுக்குள் குடிபோயின. மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. மரக்கட்டைகளை அடுக்கிய வீடு, விறகடுப்பு, கறவைப் பசு. சுற்றி நின்ற கேமராக்கள் மட்டும் இந்தக் காலத்தவை. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் 2002-இல் ஒளிபரப்பிய ‘ஃப்ரான்டியர் ஹவுஸ்’ நிகழ்ச்சி அதுதான். ஐந்து மாதம் கழித்து வல்லுநர்கள் வந்து விறகுக் குவியலையும் தீவனத்தையும் உணவு இருப்பையும் பார்த்தார்கள். வரப்போகும் பனிக்காலத்தை இந்தக் குடும்பம் தாண்டியிருக்குமா என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

ஒளிபரப்பானதும் பேச்செல்லாம் ஏமாற்று பற்றித்தான். ஒரு குடும்பம் விதியை மீறி ஸ்பிரிங் மெத்தையை உள்ளே கொண்டுவந்தது. வேலிக்கு அப்பால் இருந்த அக்கம்பக்கத்தாரிடம் பண்டமாற்று செய்தது. பார்வையாளர்கள் கொதித்தார்கள்.

ஆனால் அசல் குடியேறிகள் மட்டும் சட்டத்தின் சொல் பிசகாமல் வாழ்ந்தார்களா? 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்தாண்டு தங்கி வீடு கட்டி உழுதவருக்கு 160 ஏக்கர் நிலம் கொடுத்தது. சக்கரம் பூட்டிய குடிசையை ஒரு நிலத்திலிருந்து இன்னொரு நிலத்துக்கு இழுத்துப்போய், ஒவ்வொரு இடத்திலும் இதுவே வீடு என்று காட்டியவர்கள் அன்றே உண்டு. பிழைக்க வழி தேடி விதியை வளைப்பது அந்தக் காலத்து வாழ்க்கைக்குப் புறம்பானதல்ல. அந்த மெத்தையால் நிகழ்ச்சி பொய்யாகிவிடவில்லை.

பொய் வேறோர் இடத்தில் இருக்கிறது. இந்த மூன்று குடும்பங்களும் வேண்டாம் என்றால் வீடு திரும்பலாம். பனிக்காலம் வருமுன் படப்பிடிப்பு முடிந்துவிடும். மொன்டானாவில் 1886-87 பனிக்காலம் மேய்ச்சல் மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 1888 ஜனவரி 12 அன்று நெப்ராஸ்கா, டகோட்டா சமவெளிகளில் திடீரென வந்த பனிப்புயலில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பள்ளி விட்டு வீடு திரும்பிய பிள்ளைகள் பலர். அந்தப் பயத்தைப் படமெடுக்க வழியில்லை, எடுக்கவும் கூடாது. பெரியவர்கள் தாமே ஒப்பி வந்தவர்கள். அவர்களோடு வந்த பிள்ளைகளுக்காகப் பெற்றோர்தான் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளைக் குளிரிலும் பசியிலும் விட்டு வாங்குகிற அசல்தன்மை எந்தக் கல்விக்கும் கலைக்கும் தேவையில்லை.

ஆகவே ஆபத்து குறைவு என்பதற்காக இந்த நிகழ்ச்சிகளைக் குறைசொல்ல முடியாது. அதை மறைத்தால்தான் தவறு. ரஜினிகாந்தைப் பந்திப்பூர் காட்டுக்கு அழைத்துப்போனதால் நமக்கும் அறிமுகமான பியர் கிரில்ஸ், தன் பழைய தொடரின் படப்பிடிப்பில் சில இரவுகளை விடுதியில் கழித்தார் என்பது 2007-இல் வெளியே வந்தது. விடுதியில் படுத்ததைப் பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காட்டில் தனியே கிடப்பதுபோல் காட்டியதுதான் பிழை. பிறகு டிஸ்கவரி சேனல் அந்தத் தொடரில் விளக்கக் குறிப்புகளைச் சேர்த்தது. மாறாக, காட்டில் பிழைத்திருக்கும் போட்டியான ‘அலோன்’ தொடரில் போட்டியாளர்கள் தனியே இருந்து தம்மைத் தாமே படமெடுக்கிறார்கள். மருத்துவர்கள் அவ்வப்போது வந்து சோதிக்கிறார்கள். உடல் அளவுமீறி மெலிந்தவரை வெளியேற்றுகிறார்கள். இந்தப் பாதுகாப்பு திரையிலேயே தெரிகிறது. அதனால் சுவாரஸ்யம் குறைந்ததாகத் தெரியவில்லை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று அந்த 1883-லேயே இருக்கிறது. அந்த ஆண்டுக்குள் வடக்குச் சமவெளியின் பைசன் எருமைகள் ஏறத்தாழ அழிந்துபோயிருந்தன. அவற்றை நம்பி வாழ்ந்த பிளாக்ஃபீட் பூர்வகுடி மக்கள் மொன்டானாவில் அரசு தரும் பங்கீட்டு உணவுக்குக் காத்திருந்தார்கள். அது போதவில்லை. 1883-84 பனிக்காலத்தில் அவர்களில் 500-க்கும் மேற்பட்டோர் பட்டினியில் செத்தார்கள். நிகழ்ச்சி தேர்ந்தெடுத்த அதே ஆண்டு, அதே மொன்டானா. அந்தப் பனிக்காலத்தைக் கடப்பார்களா என்ற கேள்வி யாரை மிகக் கடுமையாக அழுத்தியதோ, அவர்கள் விறகுக் குவியலைக் கணக்கிட்ட வல்லுநர்களின் தீர்ப்புக்குள் வரவில்லை. உடையும் அடுப்பும் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும், குடியேறியின் பசியை மட்டும் அந்தக் காலத்தின் பசியாகக் காட்டினால் படம் பாதிதான்.

அந்தப் பட்டினியை நடிகர்களை வைத்து நிகழ்த்த வேண்டும் என்று எவரும் கேட்க மாட்டார்கள். வேறு வழிகள் உண்டு. 2004-இல் பிபிஎஸ் காட்டிய ‘காலனியல் ஹவுஸ்’ 1628-ஆம் ஆண்டின் குடியேற்றத்தை மெய்ன் மாநிலத்தில் அமைத்தது. அங்கே பாசமக்வாடி பூர்வகுடி மக்கள் கேமரா முன் வந்து, போலிக் குடியேறிகளிடமே தங்கள் தரப்பைச் சொன்னார்கள். பிளாக்ஃபீட் மக்களும் இன்றுவரை மொன்டானாவில்தான், தங்கள் ஒதுக்கிடத்தில் வாழ்கிறார்கள். 1883-ஐத் திரும்பக் கட்டியெழுப்ப நினைக்கும் தயாரிப்பாளர் முதலில் போய்க் கேட்க வேண்டிய இடம் அது.