எது அந்தக் கார்?

பிரிட்டனில் சிலர் வீட்டிலேயே கார் கட்டுகிறார்கள். பழைய ஃபோர்ட் எஸ்கார்ட் ஒன்றை வாங்கி எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சைக் கழற்றி, இரும்புக் குழாய்களால் பற்றவைத்த புது சேசிஸில் பூட்டுவாங்க. 1957-இல் வந்த லோட்டஸ் செவன்தான் பலருக்கும் முன்மாதிரி.

சரி, கட்டி முடித்தது பழைய காரா, புதுக் காரா?

எஞ்சின்தானே காருக்கு உயிர் என்போம். அங்குள்ள பதிவுத் துறையின் கணக்கு வேறு. பெரிதாக மாற்றிய வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ள 8 புள்ளி வேண்டும் என்று பல ஆண்டுகள் விதி இருந்தது. மாறாத சேசிஸுக்கு 5, எஞ்சினுக்கு 1தான். தேறாவிட்டால் சோதனை, பிறகு ‘கியூ’ எண். அதை ஒட்டினால் விற்கும் விலை குறையும்.

அதனால் பழைய எண்ணையே மாட்டிவிட ஆசை வரும். யாருக்கு என்ன நஷ்டம்?

நாளைக்கு அதை வாங்குபவருக்குத்தான். எண்ணை நம்பித்தானே அவர் வண்டியின் வயதைக் கணக்குப் போடுவார்?

தம்பி, தங்கைகளே, “நானே கட்டினேன்” என்று பெருமைப்படுகிறவர் “இது அதே பழைய கார்தான்” என்றும் சொல்ல முடியாது. இரண்டில் ஒன்றுதான் உண்மை. உழைப்பு நம்முடையது என்றால், அதன் பேரையும் நாமே ஏற்க வேண்டும், விலை குறைந்தாலும்.