களைப்பின் நியாயம்

நோயெதிர்ப்பு அறிவியலில் ஒரு பெயர் புழங்குகிறது: ‘களைத்துப்போன டி செல்’. இதை எங்கே பார்த்தாலும் எனக்கு ஒரு உறுத்தல். ஒரு செல் எப்படிங்க களைத்துப்போகும்? களைப்பு நம்மிடமிருந்து அங்கே போன சொல். போகும்போது நம்முடைய தீர்ப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. களைத்தவன் கடமையில் தவறியவன் என்கிற தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு சரியா என்பதுதான் என் கேள்வி. அதற்கு முன்னால், உடம்புக்குள்ளே நடப்பது என்னவென்று பார்த்துவிடலாம்.

ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்களுக்குள் குடியேறுகிறது. வளர்ந்த ஒருவருக்கு அது தொற்றினால், பெரும்பாலும் டி செல்கள் சில மாதங்களில் அதை அடக்கிவிடும். 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகவே அது நிரந்தரமாகத் தங்குகிறது. பச்சைக் குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் கணக்கு தலைகீழ், சுமார் 95 பேருக்குத் தங்கிவிடுகிறது. 2022-இல் உலகம் முழுக்க 25.4 கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்ந்துகொண்டிருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

இப்படித் தங்கிவிட்டவர்களின் ரத்தத்தில் வைரஸின் புரதம் வருஷக்கணக்கில், ஓயாமல் மிதந்துகொண்டே இருக்கிறது. அதை அடையாளம் காணும் டி செல்லுக்கு லீவே கிடையாது. மெல்ல மெல்ல அது ஒவ்வொன்றாகக் கைவிடுகிறது. முதலில் வேகமாகப் பெருகும் திறன் போகிறது, பிறகு கொல்லும் திறன், கடைசியில் இன்டர்ஃபெரான் சுரக்கும் திறனும். அதன் மேற்பரப்பில் பிடி-1 என்றொரு புரதம் கூடிக்கொண்டே போகிறது. வண்டியின் பிரேக் மாதிரி அது.

இந்தக் கதையின் பெரும்பகுதியை எலிகளிடம்தான் கற்றுக்கொண்டார்கள். எல்சிஎம்வி என்ற எலி வைரஸில் ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு வகைகள் உண்டு. ஆம்ஸ்ட்ராங் வகையை எலி ஒன்றிரண்டு வாரத்தில் துடைத்துவிடும். க்ளோன் 13 மாதக்கணக்கில் தங்கும். 1998-இல் அட்லாண்டாவில் ரஃபி அகமதின் ஆய்வுக்குழு ஒரு விசித்திரத்தைக் காட்டியது. நீடித்த தொற்றில் டி செல்கள் இருக்கின்றன, வைரஸை அடையாளமும் காண்கின்றன, ஆனால் ஒன்றும் செய்வதில்லை. 2006-இல் அதே குழுவினர் பங்கேற்ற ஆய்வில், பிடி-1 பாதையை மருந்தால் தடுத்ததும் அந்தச் செல்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்கின. வைரஸும் குறைந்தது.

இதோடு நிறுத்தினால் ‘தூங்கிய வீரன் எழுந்தான்’ என்று ஒரு நல்ல சினிமாக் கதை கிடைக்கும். ஆனால் அதே ஆய்வுக் கட்டுரையில் இன்னொரு சோதனையும் இருக்கிறது. பிடி-1 பிரேக்கை அழுத்தும் புரதமே இல்லாமல் பிறந்த எலிகளுக்கு க்ளோன் 13-ஐக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை சில நாட்களிலேயே செத்துப்போயின. அவற்றைக் கொன்றது பிரேக் இல்லாத அவற்றின் சொந்த எதிர்ப்பு.

கல்லீரலிலும் நிலைமை இதற்கு நெருக்கமானதுதான். ஹெபடைடிஸ் பி வைரஸ் தான் குடியிருக்கும் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. காமாலையும் கல்லீரல் அழற்சியும் பெரும்பாலும் வைரஸைத் துரத்தும் டி செல்களின் கைங்கர்யம். கல்லீரலின் பெரும்பகுதியில் வைரஸ் பரவியிருக்கும்போது எல்லாவற்றையும் கொன்றுதான் தீருவேன் என்று ஒரு டி செல் கிளம்பினால், மிஞ்ச கல்லீரலே இருக்காது. அப்படியானால் இந்தக் களைப்பு ஒரு வகை சமரசம். சும்மா கிடைத்த சமரசமும் இல்லை. அடங்காத வைரஸ் பத்து இருபது வருஷத்தில் கல்லீரலைச் சுருக்கலாம், புற்றுநோயும் வரவைக்கலாம். 2022-இல் மட்டும் இதனால் சுமார் 11 லட்சம் பேர் இறந்தார்கள்.

என் சித்தப்பாவுக்கு ஒரு ரத்ததான முகாமுக்குப் பிறகுதான் இது இருப்பது தெரியவந்தது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே வசனம்: “மனசு தளரக்கூடாது, எதிர்த்துப் போராடணும்.” அவர் ஒருநாள் என்னிடம் கேட்டார்: “யாரோடடா சண்டை போடறது? அது என் வீட்டுக்குள்ளதானே இருக்கு.” தினமும் ஒரு மாத்திரை, ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன். அவ்வளவுதான் அவருடைய போர். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சரணாகதி மாதிரி தெரிகிறது.

நம் தலைமுறைக்கு இந்தப் பார்வை ரொம்பப் பழக்கம். நீண்ட கொடுமைக்குள் வாழ்கிற ஒருவரைப் பார்த்ததும் கேட்டுவிடுகிறோம்: “ஏன் இவங்க எதிர்த்துப் பேசல? ஏன் வெளிய வரல?” அந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கலாம், எதிர்த்தால் எது எது இடியும் என்கிற கணக்கு. அது நமக்குக் கண்ணில் படுவதில்லை.

இங்கே ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. ‘பொறுத்துப்போ, வீடு முக்கியம்’ என்பது கொடுமை செய்கிறவருக்கு மிகவும் பிடித்த வாதம். டி செல்லின் களைப்பு கல்லீரலைக் காப்பாற்றுகிறது, சரி. வைரஸையும் சேர்த்துத்தானே காப்பாற்றுகிறது? செல்லைக் காட்டி மனிதர்களை அடங்கச் சொன்னால் அது அயோக்கியத்தனம். செல் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. இயற்கையில் ஒன்று நடக்கிறது என்பதால் அது நியாயம் ஆகிவிடாது.

ஆகவே செல்லிடமிருந்து நான் அறிவுரை எதையும் எடுத்துக்கொள்வதில்லை. கேள்வியை யாரிடம் கேட்பது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குறுகிய தொற்றைச் சந்தித்தால் டி செல் நினைவுச் செல்லாக மாறி, பல வருஷம் விழிப்போடு இருக்கும். முடிவில்லாத தொற்றைச் சந்தித்தால் களைத்துப்போகும். வித்தியாசம் செல்லின் வீரத்தில் இல்லை, ஓயாத சுமையில் இருக்கிறது. ‘நீ ஏன் களைத்தாய்?’ என்பதைவிட ‘உன்மேல் இத்தனை நாளாக விழுந்துகொண்டிருந்தது என்ன?’ என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

சுமை இறங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஹெபடைடிஸ் சி இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அந்த வைரஸை இப்போது 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டு, 100-க்கு 95 பேருக்குமேல் முழுக்க ஒழித்துவிட முடிகிறது. அப்படிக் குணமானவர்களின் டி செல்களை ஆராய்ந்து 2021-இல் சில ஆய்வுகள் வெளிவந்தன. வைரஸ் போன பிறகும், டிஎன்ஏ சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் விதத்தில் களைப்பின் தழும்பு அப்படியே இருந்தது. “பிரச்சினைதான் முடிஞ்சிடுச்சே, இன்னும் ஏன் இப்படி இருக்கே?” என்று யாரையாவது கேட்கத் தோன்றும்போது எனக்கு இந்தத் தழும்பு நினைவுக்கு வரும்.

இன்னொன்றும் உண்டு. பிடி-1 மருந்து யாரை எழுப்புகிறது என்று தேடியபோது, 2016-இல் ஒரு விஷயம் தெளிவானது. முற்றாகக் களைத்த செல்கள் எழுவதில்லை. நிணநீர்த் திசுக்களில் தங்கி, பெருகும் திறனை இன்னும் இழக்காத ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. புதிய படை அங்கிருந்துதான் வருகிறது. தேய்ந்துபோனவரிடமே ‘இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு’ என்பது மருந்தாலும் ஆகாத காரியம். வேறு யாராவது தெம்போடு வந்து தோள் மாற்ற வேண்டும்.

களைத்தவருக்கு நாம் கடன்பட்டிருப்பது இந்தத் தோள் மாற்றுதல்தான் என்று நினைக்கிறேன். ஹெபடைடிஸ் பி விஷயத்தில் அதை இன்னும் முன்னாலேயே செய்துவிடலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி, பிறகு மீதித் தவணைகள். ஒரு குழந்தையின் செல்கள் ஆயுள் முழுக்க முடியாத சண்டைக்குள் போய் விழாமலிருக்க, பெரும்பாலும் அது போதும்.