அறைவீடும் சபையும் அடுக்களையும்

கிறிஸ்தவ வாழ்வில் ஊழியம், ஐக்கியம், தனி ஜெபம் ஆகிய மூன்றுக்கும் உரிய இடம் எது என்னும் கேள்வி திருச்சபையின் தொடக்க நாள்களிலேயே எழுந்ததாகும். இங்கே ஊழியம் என்பது பிறருடைய தேவைக்காகச் செய்யும் பணிகள் அனைத்தையும், ஐக்கியம் என்பது விசுவாசிகள் ஒரே குடும்பத்தாராகக் கூடி வாழ்வதையும், தனி ஜெபம் என்பது மலைப்பிரசங்கத்தில் கற்பிக்கப்பட்டபடி ஒருவர் தம் அறைவீட்டின் கதவைச் சாத்திக்கொண்டு தேவனோடு தனித்திருப்பதையும் குறிக்கும். பிரசங்கங்களில் இக்கேள்வி பெரும்பாலும் காலையில் இவ்வளவு நேரம், வாரத்தில் இத்தனை கூட்டம் என்ற நேரப் பங்கீடாகச் சுருங்கிவிடுகிறது. வேதாகமம் அதை அப்படிப் பங்கிட்டுக் காட்டவில்லை.

லூக்கா சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தில் வரும் மார்த்தாள், மரியாள் வரலாறு, ஊழியத்தைத் தாழ்த்தித் தியானத்தை உயர்த்துவதாகவே நெடுங்காலம் வாசிக்கப்பட்டு வந்தது. ஆனால் அதற்குச் சற்று முன்னே, காயப்பட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெய் வார்த்துக் காயங்கட்டிய சமாரியனின் உவமையையும், அதற்குப் பின்னே, 11ஆம் அதிகாரத் தொடக்கத்தில், ஜெபிக்கக் கற்றுத்தரும்படி சீஷன் ஒருவன் கேட்பதையும் லூக்கா வைத்திருக்கிறார். மார்த்தாள் சமைத்ததற்காகக் கண்டிக்கப்படவில்லை; வேலைகளின் பாரத்தால் மனங்கலங்கி, சகோதரியின்மேல் குறைசொல்லும் நிலைக்கு அவள் வந்துவிட்டதே அங்கே சுட்டிக்காட்டப்படுகிறது. அமர்ந்து கேளாத ஊழியம் அடுத்தவரைக் குறைசொல்வதில் போய் முடியும் என்பதைச் சபைக் கமிட்டிகளில் இருந்தவர்கள் எவரும் அறிவர்.

மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் இன்னும் கூர்மையானது. கப்பர்நகூமில் சூரியன் அஸ்தமித்தபின் பட்டணத்தார் யாவரும் வாசலில் கூடிவர, இயேசு அநேகரைச் சொஸ்தமாக்குகிறார். மறுநாள் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். சீமோன் தேடிவந்து எல்லாரும் அவரைத் தேடுவதாகச் சொல்லும்போது, அவர் திரும்பிப் போகாமல் அடுத்த ஊர்களுக்குப் புறப்படுகிறார். அந்த வாசலில் நிறைவேறாத தேவைகள் இன்னும் இருந்திருக்கும். ஆயினும் எந்த ஊழியத்தைச் செய்வது, எதை விட்டுப் புறப்படுவது என்பதைக் கூட்டம் முடிவுசெய்யவில்லை. விடியுமுன் செய்யப்பட்ட ஜெபத்தை அடுத்தே அந்த முடிவு வருகிறது. எனவே தனி ஜெபத்தை ஊழியத்தின் களைப்புத் தீரும் ஓய்வாக மட்டும் கருதுவது போதாது. ஊழியத்தின் திசையே அங்கேதான் அறியப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இம்மூன்றையும் ஒரே கூரையின்கீழ் நடத்திப் பார்த்த முயற்சிகளில் தலையாயது, ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிஷ் போன்ஹோஃபர் 1935 முதல் 1937 வரை நடத்திய குருத்துவப் பயிற்சிப் பள்ளியாகும். ஹிட்லரின் அரசு திருச்சபையைத் தன் கைக்குள் கொண்டுவர முயன்றபோது அதை எதிர்த்து நின்ற 'அறிக்கைத் திருச்சபை'க்காக அமைக்கப்பட்ட அப்பள்ளி, முதலில் பால்டிக் கடலோரத்தில் ட்ஸிங்ஸ்ட் என்னும் இடத்தில் தொடங்கி, பின்பு பொமரேனியாவின் ஃபிங்கன்வால்டேக்கு மாறியது. அங்கே நாள், சங்கீதங்களும் வேதவாசிப்பும் பாட்டும் ஜெபமும் சேர்ந்த பொது ஆராதனையோடு தொடங்கியது. பின்னர் அரைமணி நேரம் ஒவ்வொருவரும் தனித்தனியே, ஒரு வாரத்துக்கென்று குறிக்கப்பட்ட சிறிய வேதபகுதியை மௌனமாகத் தியானிக்க வேண்டும். விளக்கவுரைகளைப் புரட்டக் கூடாது, அதிலிருந்து பிரசங்கக் குறிப்பும் எடுக்கக் கூடாது.

கடைசியாகச் சொன்ன அந்த விதி சிந்திக்கத்தக்கது. போதகர் ஒருவர் வேதத்தைத் திறக்கும்போதெல்லாம் இதைச் சபையாருக்கு எப்படிச் சொல்வது என்று எண்ணத் தொடங்கினால், வேதம் அவருக்குத் தொழிற்கருவியாகிவிடும். தமக்கென்று அது என்ன சொல்லுகிறது என்று கேட்பதே அவருக்கு மறந்துபோகும். மாணவர்கள் பலருக்கு அந்த அரைமணி நேரம் பெரும் சுமையாக இருந்தது. மடாலய வாடை வீசுவதாக வெளியிலிருந்தும் குறைகூறல் எழுந்தது. போன்ஹோஃபர் அதைத் தளர்த்தவில்லை.

அதே வீட்டில் இன்னொரு விதியும் இருந்தது: ஒரு சகோதரன் இல்லாத இடத்தில் அவனைப் பற்றிப் பேசக் கூடாது, தவறிப் பேசிவிட்டால் அதை அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். ஐக்கியத்தைப் பற்றிய நீண்ட உபதேசங்களைவிட இந்த ஒரு விதி அதிகம் சாதித்திருக்கும். மற்றொரு நிகழ்ச்சியை அங்கிருந்தவர்கள் பதிவுசெய்துள்ளனர். ஒருநாள் அடுக்களையிலிருந்து உதவி கேட்டு ஆள் வந்தபோது, மாணவர் எவரும் உடனே எழவில்லை. போன்ஹோஃபர் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனார். பின்னால் ஓடிவந்தவர்களையும் அவர் உள்ளே விடவில்லை.

1937 செப்டம்பர் இறுதியில் ரகசியப் போலீசார் அப்பள்ளிக்கு முத்திரை வைத்தனர். ஐக்கியம் கலைக்கப்பட்டது, வெளிப்படையான ஊழியம் குற்றமாயிற்று, முன்னாள் மாணவர்கள் பலர் சிறைப்பட்டனர். அப்போது மிஞ்சியது, பலர் முணுமுணுத்த அந்த அரைமணி நேரமே. சிதறிப்போனவர்களுக்குப் போன்ஹோஃபர் சுற்றுக்கடிதங்கள் எழுதித் தியான வேதபகுதிகளையும் குறித்தனுப்பினார். ஒரே வசனத்தை ஒரே வாரத்தில் வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே தியானித்தவர்கள், கூடிவர முடியாத காலத்திலும் ஒரே சபையாக இருந்தார்கள். தனி ஜெபம் ஐக்கியத்துக்கு எதிரானது என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை. இந்த அனுபவத்திலிருந்து அவர் 1938இல் எழுதி 1939இல் வெளியான சிறுநூல், சேர்ந்திருக்கும் நாளுக்கும் தனித்திருக்கும் நாளுக்கும் ஊழியத்துக்கும் தனித்தனி அதிகாரங்களை வகுக்கிறது. ஊழியங்களின் வரிசையில் நாவடக்கத்தை முதலிலும், வசனத்தை அறிவிப்பதைப் பிற்பகுதியிலும் அது வைப்பது, மேடைப் பேச்சையே ஊழியம் என்று கொள்ளும் நம் காலத்துக்குத் தேவையான வரிசைமுறை.

இம்முயற்சிக்குத் தமிழ்நாட்டிலும் ஓர் இணை உண்டு. காந்தியடிகளின் ஆசிரமத்தைக் காண விரும்பி, 1934இல் அவரிடமிருந்து அழைப்பும் பெற்ற போன்ஹோஃபர், பயிற்சிப் பள்ளிப் பொறுப்பை ஏற்றதால் இந்தியாவுக்கு வரவில்லை. ஆனால் அதற்கு முன்பே, 1921இல், மருத்துவர்களான எஸ். ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கி, தென்னிந்தியக் கோவில் அமைப்பில் கட்டிய ஜெபாலயத்தையும் ஏழைகளுக்கான மருத்துவமனையையும் ஒரே வளாகத்தில் நடத்திவந்தனர். வெளிநாட்டவரும் நம்மவரும் அங்கே சகோதரராக வாழ்ந்தது அக்காலத்தில் சிறிய காரியமன்று.

இன்றைய சேகரங்களில், அதாவது பல ஊர்ச் சபைகள் ஒரே போதகரின்கீழ் இணைந்த அமைப்புகளில், ஆராதனைகள், வீட்டு ஜெபங்கள், திருமணங்கள், அடக்க ஆராதனைகள், கட்டடக் கமிட்டி என்று நாள்கள் நிரம்பிவிடுகின்றன. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் அதே ஓட்டத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் இன்னும் ஜெபியுங்கள் என்று சொல்லிவிட்டு இன்னொரு கூட்டத்தையும் சேர்ப்பது நியாயமன்று. அடுத்த ஆண்டின் நிகழ்ச்சி அட்டவணையை வகுக்க உட்காரும் கமிட்டியார், புதிய கூட்டம் எதையும் எழுதுமுன், ஊழியம் செய்வோர் தனித்திருப்பதற்கான காலைப்பொழுதுகளை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும்.