அடுக்களையில் மொழி

கிளிவெட்டியின் வயலோரத்து வீடொன்றில் செவிப்புலனற்ற பிள்ளை பிறக்குமாயின், அதனைத் தொலைவூர் விடுதிப் பாடசாலைக்கு அனுப்புவது அன்பா, அகற்றலா? யாழ்ப்பாணத்துக் கைதடியில் 1956இல் தொடங்கிய நவீல்ட் பாடசாலைக்குப் பிள்ளைகளை விட்டுவந்த பெற்றோர் பலரும் எதிர்கொண்ட வினா இது.

எல்லாப் பிள்ளைகளும் ஊர்ப் பாடசாலையிலேயே ஒன்றாகக் கற்கவேண்டும் என்றது 1994ஆம் ஆண்டின் சலமன்கா பிரகடனம். நியாயமே. ஆயினும் சைகைமொழி அறிந்தோர் எவருமில்லா வகுப்பில் முன்வரிசை இருக்கையும் தனிமையே. செவிப்புலனற்றோருக்குத் தனிப்பாடசாலை கூடுதலாகப் பொருந்தலாம் என அப்பிரகடனத்தோடு வெளிவந்த செயற்சட்டகமே ஒப்புக்கொண்டதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

விடுதியில் விரல்களால் வாதிட்டு, கேலிபேசி, பிணங்கிக் கூடிய பிள்ளை விடுமுறைக்கு வீடு திரும்புகிறது. உண்ணவும் உறங்கவும் மட்டுமே தாய் சைகை அறிவாள். அந்த அடுக்களையில் மொழியற்று நிற்பது பிள்ளையன்று. தாய்க்கும் அயலாருக்கும் அம்மொழியைக் கற்பிப்பது யார் கடன்?