பாதிப் படமும் முழுத் தீர்ப்பும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வீட்டில் படம் பார்ப்பதென்றால், பெரும்பாலும் வேறு ஏதாவது வேலை செய்துகொண்டே பார்ப்பதுதான். விதைக்கு வைத்த மல்லாட்டையை முறத்தில் கொட்டி உடைத்துக்கொண்டிருக்கும் கை நிற்காது. சண்டைச் சத்தம் கேட்டால் தலை நிமிரும், பாட்டு வந்தால் குனியும். நடுவில் பால்காரர் வருவார், கரண்ட் போகும், போன் அடிக்கும். மிச்சப் படத்தை யாரோ கதையாகச் சொல்லிவிடுவார்கள். பெயர்கள் ஓடி முடிவதற்குள் தீர்ப்பும் வந்துவிடும்: "ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்ல."

பலர் இரவும் பகலும் உழைத்த ஒன்றுக்கு, மல்லாட்டை உடைத்தபடி சொல்லப்படும் இந்தத் தீர்ப்பு நியாயமா?

படம் எடுக்கிறவர்களிடம் கேட்டால் அநியாயம் என்பார்கள். படம் வெளியான முதல் மூன்று நாளைக்கு இணைய விமர்சனங்களுக்குத் தடை வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. சரியான முடிவு. பார்த்தவர் வாயை அடைக்கச் சட்டம் வரக் கூடாது. ஆனால் சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக, சொல்வதெல்லாம் நியாயமாகிவிடாது.

அரைகுறையாகப் பார்ப்பவரைத் திட்டுவதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தியேட்டர் செய்த அநியாயத்தைப் பல தடவை திருத்தியது வீடுதான். 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டரில் ஓடவில்லை. அதே பொங்கலையொட்டி வந்த 'தூள்' வசூலை அள்ளியது. பிறகு 'அன்பே சிவம்' தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடியது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் கூரை வீட்டிலும் பெட்டி இருந்த காலம் அது. டிக்கெட் காசு போயிற்றே என்ற கோபம் இல்லாதவர்கள், சோறு தின்றுகொண்டே பார்த்தவர்கள், அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர்களில் எத்தனை பேர் அதை முதல் காட்சியிலிருந்து பார்த்திருப்பார்கள்? ஆகவே, முழுசாகப் பார்க்காதவர் பேசவே கூடாது என்று சொல்ல முடியாது.

எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் காரணம் தேவையில்லை. நாக்குக்குப் பிடிக்காத குழம்பை யாரும் ஆதாரத்தோடு ஒதுக்குவதில்லை. மோசமான படம் என்று சொல்ல, படத்தை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். ஆனால் "இப்படியெல்லாம் எங்கே நடக்குது, சும்மா கட்டிவிடுறான்" என்று சொல்கிறபோது பேச்சு சினிமாவைத் தாண்டிவிடுகிறது. அது உயிரோடு இருக்கும் மனிதர்களைப் பற்றிய சாட்சியம். அதைச் சொல்லப் படம் பார்த்திருந்தால் மட்டும் போதாது.

'ஜெய் பீம்' இதற்குச் சரியான உதாரணம். 2021 நவம்பர் 2 அன்று, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், தியேட்டருக்குப் போகாமல் அமேசான் பிரைம் வழியாக நேரே வீட்டுக்கு வந்த படம். 1993இல் இன்றைய கடலூர் மாவட்டத்து முதனை கிராமத்தைச் சேர்ந்த ராசாக்கண்ணு போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்டதும், அவர் மனைவிக்காக வழக்கறிஞர் சந்துரு நடத்திய ஆட்கொணர்வு வழக்கும்தான் கதைக்கு அடிப்படை. போலீஸ்காரர்களுக்குப் பிறகு தண்டனையும் கிடைத்தது.

படம் வந்த சில நாட்களிலேயே பேச்சு ஒரு நாட்காட்டிக்குப் போய்விட்டது. படத்தில் வரும் கொடூரமான உதவி ஆய்வாளரின் வீட்டுச் சுவரில் மாட்டிய நாட்காட்டியில் வன்னியர் சமூகத்தின் அடையாளமான அக்னி குண்டம் தெரிந்தது. அந்தச் சில நொடிகளை மட்டும் வெட்டியெடுத்த துண்டு, போன் போனாகச் சுற்றியது. எதிர்த்தவர்களின் மனக்குறை பொய்யானதல்ல. உண்மைச் சம்பவத்தில் இல்லாத சாதி அடையாளத்தைக் குற்றவாளியின் வீட்டில் மாட்டியது படக்குழுவின் தவறு. காட்சி மாற்றப்பட்டது, இயக்குநர் த.செ.ஞானவேல் வருத்தமும் தெரிவித்தார். உண்மையில் குறவரான ராசாக்கண்ணுவைப் படம் இருளராகக் காட்டியதையும் கேட்கலாம். ஆனால் நாட்காட்டி தப்பு என்பதிலிருந்து படமே பொய் என்பதற்குத் தாவியவர்கள் செய்தது வேறு. சுவரில் இருந்த படத்தைக் காட்டி, காவல் நிலையத்தில் விழுந்த அடியை மறைத்தார்கள்.

பாராட்டியவர்களும் இதில் தப்ப முடியாது. ஐஎம்டிபி தளத்தில் 9.6 மதிப்பெண் கொடுத்து, 'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' படத்துக்கும் மேலே ஏற்றி வைத்தார்கள். நட்சத்திரத்தைத் தட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போவதும் கையில் வேலையோடு சொல்லும் தீர்ப்புதான். புகழ்ச்சி என்பதால் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

களைத்துப்போய் வந்து டிவி போடுகிறவர் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். திண்ணையில் சொன்னது தெருவோடு போயிற்று என்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும், அங்கிருந்து சாதிக் குழுவுக்கும் போகிறது. திண்ணையோடு நின்றாலும், கேட்கிறவர் யார் என்பது முக்கியம். இந்த வட்டாரத்தில் ஏரிக்கரையிலும் செங்கல் சூளையிலும் இருளர்கள் இருக்கிறார்கள். கழனி வேலைக்கு வந்து வாசலில் நிற்கிறவர் காதில் விழும்படி "அவங்களை யார் அடிக்கிறாங்க" என்று டிவியைப் பார்த்துச் சொல்வது ரசனை ஆகாது. அவர் பதில் சொல்ல முடியாத இடத்தில் நிற்கிறார். நாளைக்கும் அந்த வீட்டில்தான் அவருக்குக் கூலி. வீட்டுப் பிள்ளையும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறது.

படத்தைப் பிடிக்கவில்லை என்று எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். நடக்கவே நடக்காது என்று சொல்ல வாய் வந்தால் மட்டும், வாசலில் நிற்பவரை உள்ளே உட்காரவைத்து முதலில் அவரைக் கேளுங்கள். பழங்குடி என்ற சாதிச் சான்றுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை முறை நடந்தார் என்பதிலிருந்தே தொடங்கலாம்.